பயணத்துக்கு ஏற்ற அடுப்பு எது?

பாரிட் புந்தார் வட்டாரத்துச் சகோதரி ஒருவரிடமிருந்து வந்திருக்கும் கடிதம் இது:

"அக்கா, வரும் பள்ளி விடுமுறையில் நாங்கள் பதினோரு பேர் ஒரு வேன் எடுத்துக்கொண்டு கேமரன் மலைக்குப் போகிறோம். இரண்டு நாள் தங்கல். போகும் வழியில் லாத்தா இஸ்கந்தார் அருவியில் இறங்கிக் குளித்துவிட்டு, பக்கத்திலேயே எங்காவது சமைத்துச் சாப்பிடலாம் என்று எண்ணம். என் மாமியாருக்கு இனிப்பு நீர். நேரம் தவறாமல் அவர் பசியாற வேண்டும். நாத்தனாரின் கைக்குழந்தைக்கு மூன்று மணிக்கு ஒரு தடவை பால் கலக்க வேண்டும். வீட்டு அடுப்பையும் கேஸ் தோம்பையும் அப்படியே வேனில் ஏற்றிவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். மழை வந்தால் வேனுக்குள்ளேயே வைத்துச் சமைத்துவிடலாமாம். கடையில் விற்கும் சின்ன கேஸ் அடுப்பு போதும் என்கிறேன் நான். ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்."

அடுப்பைப் பொறுத்தவரை நான் உங்கள் கட்சிதான், சகோதரி. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் வீட்டுக்காரரின் கடைசிப் பேச்சில் இருக்கிறது. பெரிய அடுப்போ சின்ன அடுப்போ, எதையும் வேனுக்குள் பற்றவைக்கக் கூடாது. எந்த அடுப்பு வாங்கலாம் என்று கேட்குமுன், அதை எங்கே வைத்து எரிக்கப்போகிறோம் என்று கேட்டுக்கொள்வதே முறை. இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

மதுரையில் நடந்தது

2023 ஆகஸ்ட் 26, அதிகாலை நேரம். வட இந்தியாவின் லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் தனி ரயில் பெட்டி மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தப்பட்டிருந்தது. ரயிலில் எரிவாயுத் தோம்பு ஏற்றக்கூடாது என்பது இந்திய ரயில்வேயின் சட்டம். அதை மீறி ஒரு தோம்பு உள்ளே கொண்டுவரப்பட்டிருந்தது. விடிவதற்குள் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார்கள். பெட்டி முழுவதும் தீப்பிடித்துக்கொண்டது. ஒன்பது உயிர்கள் போயின. ராமேஸ்வரம் போகும் ஆசையோடு புறப்பட்டவர்கள் அவர்கள்.

அவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். நம்மைப் போலவே வீட்டுச் சமையலை விரும்பியவர்கள். கூட வந்த பெரியவர்களுக்குச் சூடாக ஒரு வாய் தேநீர் கொடுக்க நினைத்தவர்கள். அடுப்பில் குற்றமில்லை, அது வைக்கப்பட்ட இடத்தில்தான் குற்றம்.

ஏன் இப்படி ஆகிறது? சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்விடாது. தண்ணீர் போலத் தரையோடு தரையாகப் பரவி, இருக்கைக்கு அடியிலும் மூலையிலும் தேங்கி நிற்கும். திறந்த வெளியில் காற்று அதைக் கலைத்துவிடும். வேனுக்குள் கலைக்க ஏது காற்று? ஒரு பொறி போதும்.

கசிவே இல்லாவிட்டாலும் இன்னொரு ஆபத்து உண்டு. அடைத்த இடத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக் காற்று சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் தூக்கமும் வருவதுபோல இருக்கும், தூங்கினவர் எழுந்திருக்கமாட்டார். கூடாரத்துக்கும் இதே விதிதான். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கேமரன் மலையில் அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளும் யோசனை யாருக்கும் வரவேண்டாம்.

எத்தனை வகை அடுப்புகள்?

தைப்பூசத்துக்கு லாரி ஏறித் தண்ணீர்மலைக்குப் போன காலத்தில் தோட்டத்து மக்களுக்கு மூன்று கல்லும் ஒரு கட்டு ரப்பர் விறகும் போதுமானதாக இருந்தன. பிறகு பித்தளைப் பம்பு அடுப்பு வந்தது. 1892-ல் சுவீடன் நாட்டில் தோன்றிய பிரைமஸ் என்னும் மண்ணெண்ணெய் அடுப்பு அது. 1911-ல் தென் துருவத்தை அடைந்த ஆமுன்ட்சென் குழுவினரும், 1953-ல் எவரெஸ்ட் ஏறிய குழுவினரும் அதைத்தான் கொண்டுபோனார்கள். கடுங்குளிரிலும் எரியும் என்பது அதன் பெருமை. நம் பயணத்துக்கு அது தேவையில்லை. முதலில் தலையைச் சூடாக்க வேண்டும், பம்பு அடிக்க வேண்டும், ஊசியால் அடைப்பு எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் சிந்தினால் வேன் முழுவதும் வாடை. வீட்டில் ஒன்று இருந்தால் பளபளவென்று துலக்கிக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுத் தோம்பில் 14 கிலோ எரிவாயு இருக்கிறது. இரும்பின் எடையும் சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிவிடும். அதை எப்போதும் நிமிர்த்தியே வைக்கவேண்டும். மலைப்பாதை வளைவுகளில் அது சாயாமல், உருளாமல் யார் பிடித்துக்கொண்டு உட்கார்வது? பதினோரு பேர் அடைந்து உட்காரும் வேனில் அதற்கு இடம் கிடையாது. ஆகவே உங்கள் வீட்டுக்காரரின் யோசனையைத் தள்ளிவிடுவோம்.

மலையேறும் இளைஞர்கள் கொண்டுபோகும் குட்டி அடுப்பு ஒன்று உண்டு. கேஸ் டின்னின் தலையிலேயே திருகிக்கொள்வது. உள்ளங்கையில் அடங்கும். ஒருவருக்கு மீ வேகவைக்க நல்லது. ஆனால் அதன்மேல் குடும்பத்துக்கான பானையை ஏற்றினால் தலை கனத்துச் சாய்ந்துவிடும். பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் குறிப்பிடும் தட்டையான கேஸ் அடுப்பு. நீண்ட டின்னைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பூட்டும் அடுப்பு. ஜப்பானில் 1969-ல் இவாத்தானி நிறுவனம் இந்த வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் ஊர்களில் ஸ்டீம்போட் சாப்பிடுகிறவர்கள் மேசைமேல் வைப்பது இதைத்தான். அடி அகலம், உயரம் குறைவு, பானை ஆடாது. ஒரு டின்னில் 220 முதல் 250 கிராம் வரை எரிவாயு இருக்கும். முழுத் தீயில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் எரியும். உங்கள் இரண்டு நாள் பயணத்துக்கு மூன்று டின் இருந்தால் தாராளம்.

கடையில் பார்க்கவேண்டியவை

விலை மலிவு என்று கையில் கிடைத்ததை எடுக்காதீர்கள். முதலில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, டின் அளவுக்கு மீறிச் சூடேறினால் எரிவாயுவைத் தானாகவே நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு உள்ளதா என்று கேளுங்கள். அது இல்லாத அடுப்பு இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். காற்றுக்குத் தீ அணையாமல் இருக்கச் சுற்றிலும் தடுப்பு உள்ளது நல்லது. டின்னைப் பூட்டும் நெம்புகோலைக் கடையிலேயே இரண்டு தடவை போட்டு எடுத்துப் பாருங்கள். தளர்ச்சி இருந்தால் வேறொன்று கேளுங்கள். தூக்கிச் செல்லும் பெட்டியோடு வருவதை வாங்கினால் வேனில் அடக்கமாக இருக்கும்.

டின் வாங்கும்போது துருவோ நசுங்கலோ இருக்கக்கூடாது. அந்த அடுப்புக்குப் பொருத்தம் என்று குறிக்கப்பட்ட டின்னாகப் பார்த்து எடுங்கள். காலி டின்னில் மறுபடி கேஸ் ஏற்றும் வேலை நமக்கு ஆகாது.

பற்றவைக்குமுன்

பலர் செய்யும் தவறுகள் சில உண்டு. பெட்டிக்குள் அடங்குவதற்காகப் பானை தாங்கியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அதைத் திருப்பி நிமிர்த்தாமல் பற்றவைக்கக் கூடாது. டின்னின் கழுத்து வளையத்தில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு மேலே இருக்கும்படி பொருத்தவேண்டும். மாற்றிப் பொருத்தினால் ஆவியாக வரவேண்டிய எரிவாயு திரவமாகவே வந்து தீ சீறும்.

இன்னொரு தவறு நம் பெண்களுக்கே உரியது. பதினோரு பேருக்கு ஒரே தடவையில் ஆக்கிவிடலாம் என்று பெரிய தவலையை ஏற்றுவது! பாத்திரத்தின் விளிம்பு டின் இருக்கும் அறையின்மேல் நீட்டிக்கொண்டிருந்தால், சூடு திரும்பி டின்னைத் தாக்கும். டின் வெடிக்கவும் கூடும். அகலமான தோசைக்கல்லுக்கும் இதே எச்சரிக்கை. இரண்டு அடுப்புகளை ஒட்டிவைத்து அவற்றின்மேல் ஒரே தட்டைப் போடுவதும் கூடாது. கரி பற்றவைக்கவும் இதைப் பயன்படுத்தாதீர்கள். சின்னப் பானையில் இரண்டு தடவை ஆக்கினால் அரைமணி நேரம்தான் கூடுதலாகும்.

இடத்தைப் பொறுத்தவரை, சமைக்க அனுமதியுள்ள திறந்த இடமாக, சமமான சிமெண்டுத் தரையோ கல்மேசையோ பாருங்கள். வேனிலிருந்து தள்ளியே வையுங்கள். காய்ந்த புல்லும் சருகும் அருகில் இருக்கக்கூடாது. நம் கிரியான் வயல்களில் அறுவடைக்குப் பிறகு கிடக்கும் வைக்கோலுக்குப் பக்கத்தில் அடுப்பு வைக்கலாகாது என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மழை வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

கேமரன் மலையில் தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகையால் பருப்பு வேகக் கொஞ்சம் தாமதமாகும். விடியற்குளிரில், டின் குறையக் குறையத் தீயும் மெலியும். அப்போது டின்னைச் சுடுநீரில் வைப்பதோ நெருப்பருகில் காட்டுவதோ வேண்டாம். அதைக் கழற்றிவிட்டு வேறு டின்னைப் போடுங்கள்.

வேலை முடிந்ததும் டின்னைக் கழற்றித் தனியே வையுங்கள். டின்னின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்தால் 40 அல்லது 50 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் வைக்காதீர்கள் என்று இருக்கும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் அந்தச் சூட்டை எளிதில் தாண்டிவிடும். வேனைப் பூட்டிவிட்டு அருவிக்குப் போகும்போது டின்னையும் கையோடு எடுத்துச் சென்று நிழலில் வையுங்கள். விமானத்தில் இந்த டின்னைக் கொண்டுபோக அனுமதியில்லை. தமிழ்நாட்டுக்கு யாத்திரை போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரும் குழந்தையும்

இவர்கள் இருவரின் பசியையும் அடுப்பை நம்பி விடாதீர்கள். வழியில் நெரிசல் ஏற்படலாம், மழை பிடிக்கலாம். நேரத்துக்குச் சாப்பிடவேண்டியவருக்கு இட்டிலியோ சப்பாத்தியோ வீட்டிலேயே செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பால் கலக்க, நன்றாகக் கொதித்த நீரை நல்ல சுடுநீர்ப் போத்தலில் ஊற்றி எடுத்துச் செல்லுங்கள். பால்மாவு கலக்கும் நீர் 70 பாகைக்குக் குறையக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கலக்கியபின் ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கவேண்டும். போத்தல் ஆறிவிட்டால், அடுத்து நிற்கும் இடத்தில் வெளியே இறங்கி அடுப்பை மூட்டி மறுபடியும் நிரப்பிக்கொள்ளலாம். ஓடும் வேனில் சுடுநீர்ப் போத்தலும், நின்ற இடத்தில் அடுப்பும் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சகோதரி, இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரரிடமும் படிக்கக் கொடுங்கள். அவர் தோற்றுவிட்டதாக நினைக்கவேண்டாம். பதினோரு பேருக்கும் சுடச்சுடச் சோறு போடவேண்டும் என்ற அவருடைய நல்ல எண்ணம் அப்படியே இருக்கட்டும். புறப்படுமுன் ஒரு நாள் மாலை, வீட்டு வாசலில் அந்தப் புது அடுப்பை வைத்து அவரையே தேநீர் போடச் சொல்லுங்கள். டின்னைப் பூட்டவும் கழற்றவும் கை பழகிவிடும். வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது வாய்க்கால் வெட்டி வயல் கண்ட நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா?

பயணம் இனிதாகட்டும். போனவர்கள் பதினோரு பேரும் சுகமாக வீடு திரும்பினோம் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.