கருவுற்ற தாயும் மலச்சிக்கலும்

மாதப் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிப் பெண்ணிடம், "வேறு தொல்லை ஏதேனும் உண்டா?" என்று வினவினால், "ஒன்றுமில்லை" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. கால் வீக்கத்தைச் சொல்லுவாள்; வாந்தியைச் சொல்லுவாள்; நான்கு நாட்களாக மலங்கழியாமல் வயிறு உப்பிக் கிடப்பதை மட்டும் சொல்லமாட்டாள். கணவரிடம் நாணம், மாமியாரிடம் தயக்கம், மருத்துவரிடம் கூச்சம். பலரும் பேசக் கூசும் இப்பொருளை இம்மாதம் நம் குடும்பங்களின்முன் வைக்கிறோம்.

கருவுற்ற காலத்து மலச்சிக்கல் தாயின் குற்றமன்று. கருவைக் காக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாட்டின் பக்க விளைவே அது. கருவுற்றதும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. கருப்பை காலத்திற்கு முன்பே சுருங்கிவிடாதபடி அதன் தசைகளைத் தளர்த்தி வைப்பது இதன் பணிகளுள் ஒன்று. குடலின் தசைகளும் அதே வகையைச் சார்ந்தவை ஆதலால் அவையும் தளர்ந்துவிடுகின்றன. உணவு மெல்ல நகர்கிறது, நெடுநேரம் தங்கும் கழிவிலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொள்கிறது, மலம் இறுகுகிறது. கடைசி மாதங்களில் வளர்ந்த கருப்பையும் மலக்குடலை அழுத்துகிறது.

மற்றொரு காரணம் இரும்புச்சத்து மாத்திரை. நாம் பெரிதும் அஞ்சுவது இங்கேதான். மாத்திரை உண்டபின் மலம் கறுத்து இறுகுவதைக் கண்டு, எவரிடமும் சொல்லாமல் அதை நிறுத்திவிடும் பெண்கள் பலர். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளுள் 100க்கு 52 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். மகப்பேற்றின்போது இரத்தப்போக்கு மிகுமாயின், இரத்தம் குன்றிய தாய் அதைத் தாங்குவது அரிது. கூச்சத்தால் மறைக்கப்படும் சிறு தொல்லை உயிருக்கே உலை வைக்கலாம் என்பதை மறவாதீர்கள்.

ஆகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருத்துவரிடமோ செவிலியரிடமோ தொல்லையைச் சொல்லுங்கள். உண்ணும் வேளையையோ மாத்திரையின் வகையையோ அவர்கள் மாற்றித் தருவார்கள். இதனால் மலம் கறுப்பது இயல்பே. காப்பி, தேநீர், சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து இதை உண்ணலாகாது. எலுமிச்சைச் சாற்றுடன் உண்டால் இரும்பு நன்கு உடலில் சேரும்.

இனி உணவைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை நார்ச்சத்து தேவை. தீட்டிய பச்சரிசி 100 கிராமில் 3 கிராம்கூட இல்லை. அதே அளவு கேழ்வரகில் சுமார் 11 கிராம் உண்டு. காலையில் கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ, நண்பகலில் ஒரு கீரையும் அவரை, கொத்தவரை போன்ற ஒரு காயும், மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், இடையே ஒரு கொய்யாப்பழம் என அமைத்துக்கொண்டால் பெருஞ்செலவின்றியே பயன் கிட்டும். வாயுத் தொல்லை நேராதிருக்க, இவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுக.

நார்ச்சத்து மட்டும் போதாது. அதனுடன் நீரும் வேண்டும். நாள்தோறும் எட்டு முதல் பத்துக் குவளை நீர் பருகுக. அடிக்கடி சிறுநீர் கழிக்க நேருமே என்று நீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் பலர். பள்ளியிலும் பணியிடத்திலும் நல்ல கழிப்பறை இல்லாமையும், கூட்டுக் குடும்பத்தில் காலை நேர நெருக்கடியும் இதற்குக் காரணம். மல உணர்வு தோன்றும்போது அடக்குவது சிக்கலை இறுக்கும்; முக்கிக் கழிப்பது மூலத்தில் கொண்டுபோய் விடும். உயரக் கழிப்பறையில் அமர்வோர், கால்களைச் சிறு மணைமீது வைத்துக்கொண்டால் மலம் எளிதாக இறங்கும். மருத்துவர் தடுக்காதவரை, காலையும் மாலையும் சற்று உலாவுவதும் நன்று.

ஓர் எச்சரிக்கை. வீட்டு முதியோர் அன்பினால் விளக்கெண்ணெய் தர முற்படுவர். அது குடலோடு கருப்பையையும் தூண்டிவிடக்கூடும், வேண்டவே வேண்டாம். நிலாவிரை சேர்ந்த பொடிகளையும் தாமாக உண்ணலாகாது. உணவினால் பயன் கிட்டாவிடில், இசப்கோல் உமி, லாக்டுலோஸ் பாகு போன்ற ஏற்ற மருந்தை மருத்துவர் தருவார். இசப்கோலை நிறைய நீருடன் உட்கொள்ள வேண்டும்.

மலத்துடன் இரத்தம், கடும் வயிற்றுவலி, விட்டுவிட்டு வரும் இடுப்புவலி, வாந்தியுடன் வயிறு உப்புதல் ஆகியவை தோன்றினால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கணவன்மாருக்கும் மாமியாருக்கும் ஒரு சொல். "மாத்திரை உண்டாயா?" என்று கேட்பதோடு, "வயிறு இலகுவாக இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். காலையில் கால்மணி நேரம் அடுப்படி வேலையை ஏற்றுக்கொண்டு, அவளை அவசரமின்றிக் கழிப்பறைக்குச் செல்ல விடுங்கள். பல இல்லங்களில் அவளுக்கு முதலில் தேவைப்படும் மருந்து அந்தக் கால்மணி நேரமே.