எந்த அமிலாய்டு?

உருளைக்கிழங்குத் துண்டின்மேல் அயோடின் விட்டால் அது கருநீலமாவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். 1854-இல் ருடால்ஃப் விர்ஹோ என்ற ஜெர்மானிய மருத்துவர், உடல் திசுவில் கண்ட ஒரு படிவு அயோடின் பட்டு நிறம் மாறவே, அது மாவுச்சத்து வகை என்றெண்ணி 'அமிலாய்டு' எனப் பெயரிட்டார். 1859-இல் பிரீட்ரீக்கும் கெக்குலேயும் (பென்சீன் வளையம் தந்த அதே கெக்குலேதான்) அது புரதம் என்று காட்டினார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. நிறத்தைப் பார்த்ததும் முடிவு கட்டும் வழக்கமும் முழுவதும் மாறவில்லை. அதுவே என் குறை.

ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கால் வீங்கி ஷூ நுழையவில்லை, சிறுநீர் நுரைக்கிறது. சோதனையில் புரதம் ஏராளமாக இறங்குகிறது. பெங்களூருக்கோ, கிருஷ்ணகிரி வழியாக வேலூருக்கோ போகிறார். ஊசியால் சிறுநீரகத்தில் துணுக்கெடுத்து, காங்கோ சிவப்புச் சாயமேற்றி, தளவிளைவுற்ற ஒளியில் பார்க்கிறார்கள். பச்சை ஆப்பிள் நிறம் மின்னுகிறது. அறிக்கை சொல்வது: அமிலாய்டு.

இது பாதி விடைதான். மனித உடலில் அமிலாய்டு இழைகளாகக் கூடிய புரதங்கள் 40-க்கும் மேல். பச்சையோ எல்லாவற்றுக்கும் ஒன்றே. நெடுநாள் காசநோயால் வந்ததென்றால் காசநோயைத் தீர்க்க வேண்டும். எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களால் வந்ததென்றால் புற்றுநோய்க்குத் தருவது போன்ற கடும் மருந்துகள் வேண்டும். பரம்பரையாக வந்ததென்றால் அந்த மருந்துகளால் தீமையே மிஞ்சும். ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜனின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே சிறுநீரகத்தில் இந்நோய் வரும் என்பது 1993-இல் தெரியவந்தது.

இரண்டாம் வகை என்று கருதப்பட்ட 350 நோயாளிகளை லண்டன் மருத்துவர்கள் மரபணுச் சோதனை செய்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 34 பேருக்குப் பரம்பரை நோய்!

"நம் நாட்டில் காசநோய்தானே அதிகம்? அபூர்வ நோய்க்கு இத்தனை செலவா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். காசநோய் வகையை எதிர்ப்பொருள் சாயத்தாலேயே பெரும்பாலும் அறியலாம். முதலில் அதைச் செய்யட்டும். அதில் பிடிபடாதவற்றையே நிறை நிறமாலைமானிக்கும் மரபணுச் சோதனைக்கும் அனுப்ப வேண்டும். நோயாளி அலைய வேண்டியதில்லை. பாரஃபின் மெழுகில் பதித்த துணுக்கு தபாலில்கூடப் போகும். அந்தச் செலவை அரசு ஏற்பதே முறை. தவறான மருந்துக்கு ஆகும் செலவு அதைவிடப் பெரிது.

குடும்ப வரலாறு கேட்டால் போதாதா? ஓசூரில் அது எளிதன்று. பிழைப்புக்காகப் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அப்பா எந்த நோயால் இறந்தார் என்பது ஊரில் இருப்பவர்களுக்கே தெரியாது. மேலும், மாறிய மரபணு உள்ள எல்லாருமே நோயுறுவதில்லை. சொந்தத்தில் மணம் செய்ததால் வந்தது என்று பழி போடுவதும் தவறு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

நோயாளிக்குத் தம்பியே சிறுநீரகம் தர முன்வருகிறார் என்று வையுங்கள். வகை தெரியாவிட்டால், அதே மாற்றம் தம்பிக்கும் உண்டா என்று யாரும் பார்க்கமாட்டார்கள். கொடுத்தவருக்கே பின்னாளில் நோய் வரலாம். பெற்றவருக்கும் நிம்மதியில்லை, ஃபைப்ரினோஜனைச் செய்வது கல்லீரல், அது மாறாதவரை புதிய சிறுநீரகத்திலும் படிவு மீண்டும் சேரும்.