ஐயர் ரசீது

போன மாதம் தெரிந்த பிள்ளைகள் இருவர் திருமணத்தைப் பதிவு செய்ய ஒரு சார்பதிவாளர் அலுவலகம் போனார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட நானும் வங்கிக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கூடப் போனேன். பையன் காலனி. பெண் ஊர்த்தெரு. முந்தின வாரம் ஒரு தோழர் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் முன்னால் மாலை மாற்றி, ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். கல்யாணம் முடிந்தது.

எழுத்தர் தாள்களைப் புரட்டினார். "கோயில் ரசீது எங்கப்பா? ஐயர் யாரு?"

ஐயரே இல்லை என்றோம்.

"அப்ப கல்யாணம் ஆச்சுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

பழைய கேள்விதான் தோழர்களே. இங்கிலாந்தில் 1753-ஆம் ஆண்டுச் சட்டம், யூதர், குவேக்கர் நீங்கலாக, அரசுத் திருச்சபைக்கு வெளியே செய்த கல்யாணம் செல்லாது என்றது. பதிவாளர் முன்னால் மணம் முடிக்க 1836-இல்தான் சட்டம் வந்தது. இங்கே திருச்சபை வேலையை அக்கினியும் ஏழடியும் பார்த்தன. 1928-இல் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்ததிலிருந்து எத்தனையோ சுயமரியாதைத் திருமணங்கள். 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படியொரு திருமணத்தைச் செல்லாது என்றுவிட்டது. அண்ணா ஆட்சியில், 1967-இல் இயற்றிய திருத்தம்தான் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யார் முன்னிலையிலாவது, இருவருக்கும் புரிகிற மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை, அல்லது மோதிரம், அல்லது தாலி. அந்த 'அல்லது'க்குள் ஐயருக்கு இடமில்லை. முன்பு நடந்தவையும் செல்லும் என்றார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐயர் போன மேடையிலிருந்து சாதி போகவில்லை. தலைவர்கள் மாலை எடுத்துக் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் சொந்தச் சாதிக்குள்தான். சாதியைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று தருமபுரிக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7-இல் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி எரிந்தன. 2013 ஜூலை 4-இல் இளவரசன் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தான்.

இதனால்தான் 2023 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியம். 7-ஏ திருமணத்தை ஊரறிய அறிவிக்க வேண்டியதில்லை. நண்பர் என்ற முறையில் வழக்கறிஞரும் நடத்திவைக்கலாம். வழக்குப் போட்டவர் பெயரும் இளவரசன்தான். இவர் வேறு.

ஆனால் 7-ஏ இரண்டு இந்துக்களுக்கு மட்டும். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஞாயிறு கோயிலுக்குப் போகிறவர்கள்! ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் இந்து என்றால் பெரும்பாலும் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போகிறார்கள். அங்கே முப்பது நாள் நோட்டீஸ். பெயர், வயது, முகவரி எல்லாம் பலகையில். யாரும் வந்து பார்க்கலாம். தேடுகிறவனுக்கு அரசே விலாசம் எழுதிக் கொடுக்கிறது. அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லித்தான் நாம் இனிப் போராட வேண்டும்.

அன்றைக்கு 7-ஏ பிரிவை அச்சடித்து எடுத்துப் போயிருந்தோம். எழுத்தர் உள்ளே கொண்டுபோனார். நாலரை மணிக்குப் பதிவு எண் கிடைத்தது. பிள்ளைகள் மறுநாளே என் கவுண்டருக்கு வந்து கூட்டுக் கணக்குப் படிவம் கேட்டார்கள்.

வெளியே வரும்போது பலகையைப் பார்த்தேன். வேறொரு ஜோடி. பையன் விலாசத்தில் 'காலனி' என்று தெளிவாக எழுதியிருந்தது. இன்னும் பதினோரு நாள் பாக்கி.