கீழூருக்கும் செல்லுங்கள்

புதுவையின் மரபுச் செல்வம் யாதெனக் கேட்டால், பலர் கடற்கரையோரப் பிரெஞ்சு மாளிகைகளையே சுட்டுகின்றனர். தட்டாஞ்சாவடியில் வாழும் நம்மவரும் விருந்தினரை அங்குதான் அழைத்துச் செல்கின்றனர். நம்மை ஆண்டோரின் மாளிகையை வியப்பது அழகுணர்ச்சி. அதனையே தேசப் பெருமையெனக் கொள்வது பேதைமை.

1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். இந்திய இணைப்பை ஆதரித்தோர் 170 பேர், எதிர்த்தோர் எண்மர். அவ்வாக்கின் பயனாக நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் இணைப்புச் சட்டப்படி நிறைவுற்றது. ஆண்டுதோறும் அந்நாளில் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகின்றனர். ஏனைய நாள்களில் நாம் அங்குச் செல்கிறோமா?

“அங்கே காண என்ன இருக்கிறது?” என்பர். நம் முன்னோரின் வாக்கு இருக்கிறது. மஷூராவின் மாண்பறிந்த நாம், கலந்து முடிவெடுத்த அவ்விடத்தை நம் மக்களுக்குக் காட்டாதிருப்பது தகுமா?