பேய் பொய், பேராசை மெய்

பேய்க் கதை படித்தால் புத்தி கெட்டுவிடும் என்று பெரியவர்கள் கண்டிப்பது எல்லா நாட்டிலும் உள்ளதுதான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும் இதே கண்டனம் எழுந்தது. பாழடைந்த கோட்டை, இரகசியக் கதவு, நள்ளிரவு ஓலம் நிறைந்த நாவல்களுக்கு அங்கே வாடகை நூல் நிலையங்களில் ஏக கிராக்கி. ஆன் ராட்கிளிப் எழுதி 1794-ல் வெளிவந்த 'உடால்போவின் மர்மங்கள்' நாவலுக்குப் பதிப்பாளர் 500 பவுன் கொடுத்தார்.

இந்த மோகத்தைக் கேலி செய்தவர் ஜேன் ஆஸ்டின். 1803-ல் அவர் தம் கதையை 10 பவுனுக்கு விற்றார். வாங்கியவர் அச்சிடவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து மீட்ட அந்தக் கதை, அவர் மறைந்த பிறகு 1817 இறுதியில் 'நார்த்தாங்கர் அபே' என்ற பெயரில் வந்தது.

கதாநாயகி காதரின் 17 வயதுப் பெண், பாதிரியார் மகள். உடால்போவைப் படித்த மயக்கத்தில், விருந்தாளியாகப் போன பழைய மாளிகையில் அவளுக்கு எல்லாமே மர்மமாகத் தெரிகிறது. இரவில் அலமாரியில் அகப்பட்ட காகிதச் சுருள், விடிந்து பார்த்தால் சலவைக் கணக்கு! வீட்டுக்காரர் ஜெனரல் டில்னி மனைவியைக் கொன்றவரோ என்றும் சந்தேகிக்கிறாள். அதுவும் வீண் என்று தெரிந்து வெட்கப்படுகிறாள்.

இத்துடன் நின்றிருந்தால் இது வெறும் விகடம். ஆனால் காதரின் பெரிய சொத்துக்காரி அல்ல என்று அறிந்ததும், அதே ஜெனரல் மறுநாள் காலையே அவளை வெளியேற்றுகிறார். 70 மைல் பயணத்துக்குத் துணை இல்லை. வழிச் செலவுக்குக்கூட அவருடைய மகள்தான் பணம் கொடுத்து உதவுகிறாள்.

ஆகவே, ராட்கிளிப் எழுதியது பயமுறுத்தல், ஆஸ்டின் எழுதியது தேநீர் மேசைப் பேச்சு என்று இரண்டையும் ஒதுக்குவது சரியன்று. உடால்போ கோட்டையிலும் பேய் கிடையாது. மர்மங்களுக்கெல்லாம் இறுதியில் விளக்கம் வந்துவிடுகிறது. விளக்கத்தில் கரையாமல் மிஞ்சுவது, சொத்தை எழுதித் தர மறுத்த மனைவியைக் கோபுரத்தில் அடைத்துச் சாகவிட்ட மோன்டோனியின் கொடுமைதான். மணமான பெண் தன் சொத்து முழுவதையும் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் உரிமையை இங்கிலாந்துச் சட்டம் தந்தது 1882-ல்தான் என்பதை நினைத்தால், இந்த அச்சம் கற்பனையல்ல என்பது விளங்கும்.

பிள்ளைகள் கையிலுள்ள பேய்க் கதையைப் பிடுங்க வேண்டியதில்லை. பூட்டிய அறையின் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்கக் கற்றுக் கொடுத்தால் போதும்.