பத்திரத்தில் விடுபடும் வரி

ஜவ்வாது மலை அடிவாரத்தில், செய்யாற்றங்கரையில் இருக்கும் கலசப்பாக்கம் பக்கம் நெல், கரும்பு, மல்லாட்டை போடுகிற விவசாயியிடம் வயசான காலத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், நிலத்தைத்தான் காட்டுவார். பி.எஃப். கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. பிள்ளைகள் பேருக்கு எழுதி வைத்துவிட்டால் கடைசிவரை கஞ்சி ஊற்றுவார்கள் என்பதே திட்டம்.

இதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஏற்பாடு. கோளாறு எழுதுகிற விதத்தில் இருக்கிறது.

2018-ல் இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், மகன்களுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ஆதரவின்றி நின்ற முதிய தம்பதி ஆட்சியரிடம் மனு கொடுத்தார்கள். அப்போதைய ஆட்சியர் கே.எஸ்.கந்தசாமி பத்திரத்தை ரத்து செய்து, நிலத்தை அவர்களிடமே திரும்ப ஒப்படைத்தார். அதற்குக் கைகொடுத்தது, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்க அதன் 23-ஆவது பிரிவு வழி செய்கிறது.

எல்லோருக்கும் இது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. அப்படியொரு நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியவர்களுக்கு அனுகூலமாகவே சட்டத்தைப் படிக்க வேண்டும் என்றது. எழுபது வயதில் இந்த வாதங்களுக்கு நடுவே அலைவதைவிட, நிலத்தைப் பிள்ளைகளுக்கு எழுதித் தரும் செட்டில்மென்ட் பத்திரத்திலேயே 'உயிருள்ளவரை சோறு, துணி, இருக்க இடம், வைத்தியம் பார்க்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். தங்கள் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையையும் பெற்றோர் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். அல்லது உயில் எழுதலாம். மனம் மாறினால் மாற்றிக்கொள்ளவும் முடியும். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான் என்பதால் பலரும் செட்டில்மென்ட் பக்கமே அவசரப்படுகிறார்கள். மிச்சமாவது கொஞ்சம் பணம். கைவிட்டுப் போவது முழு நிலம்.

பிள்ளைகள் நல்லவர்களாகவே இருந்தாலும் செலவு என்று ஒன்று இருக்கிறது. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டால் டயப்பர், தண்ணீர்ப் படுக்கை, புண்ணுக்கு மருந்து, கூடவே ஓர் ஆள். 70 வயது தாண்டிய எல்லோருக்கும் 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் அட்டை ஆண்டுக்கு 5 லட்சம்வரை தருகிறது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது பெரிய காரியம்தான். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைப்பது மருமகள்தான். அவர் காட்டு வேலையையும் நூறு நாள் வேலையையும் விட்டு இழக்கும் கூலி எந்தக் கணக்கிலும் ஏறாது. 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையை வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 40 ரூபாய்.

சிங்கப்பூரில் இதற்கென்றே 2020-ல் கேர்ஷீல்டு லைஃப் என்ற காப்பீடு வந்தது. முப்பது வயதிலிருந்து சந்தா. குளிக்க, உடுத்த, சாப்பிட என ஆறு அன்றாடக் காரியங்களில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் கையில் பணம். நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. அடல் பென்ஷன் திட்டத்தில் 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய், நாற்பதில் சேர்ந்தால் 1,454 ரூபாய் கட்டி, அறுபதுக்குமேல் 5,000 ரூபாய் வாங்கலாம். விலைவாசி ஏறினாலும் அந்த ஐயாயிரம் ஏறாது. ஆகவே நிலம் முழுவதையும் எழுதித் தராமல், குத்தகைப் பணம் வருகிற அளவுக்காவது ஒரு துண்டைத் தன் பெயரிலேயே நிறுத்திக்கொள்வது உத்தமம்.

அரசு செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பதிவுத் துறை தன் இணையதளத்தில் மாதிரிப் பத்திரங்களை வைத்திருக்கிறது. எழுதிக் கொடுப்பவர் அறுபது தாண்டியவரென்றால், பராமரிப்பு நிபந்தனையைச் செட்டில்மென்ட் மாதிரியிலேயே அச்சிட்டுவிடலாம். வேண்டாம் என்பவர், சார்பதிவாளர் முன்னிலையில் அதை அடித்துக் கையெழுத்துப் போடட்டும்.