கையில் பிழையில்லை, மௌஸில் தூசி

சென்ற இதழில் தையல் மெசினின் பொபின் பகுதியைச் சுத்தம் செய்வது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த சகோதரி ஒருவர், "மெசினைப் பற்றி எழுதினனீங்கள், எங்கட வீட்டுக் கொம்பியூட்டரைப் பற்றியும் ஒருக்கா எழுதுங்கோவன்" என்று கேட்டிருந்தார். அவருடைய வீட்டு மௌஸ் சொல்வழி கேட்பதில்லையாம். மெதுவாக நகர்த்தினால் அம்புக்குறி அசையாது, பிறகு திடீரென்று திரையின் மூலைக்குப் பாயுமாம். "எனக்குப் பழக்கமில்லாதபடியால்தான் இப்பிடியோ தெரியேல்லை" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரிக்காகத்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

2015 இல் கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பெண்களுக்கான தட்டச்சுப் பயிற்சி நடந்தது. பத்துப் பேர் வந்தார்கள். கணினிகள் எல்லாம் அலுவலகங்களில் பாவித்துவிட்டுத் தந்தவை. வந்தவர்களில் ஓர் அக்காவுக்கு 2009 இல் வலது மணிக்கட்டுக்கு மேலே செல் துண்டு பட்டிருந்தது. கை இருந்தாலும் விரல்களில் பிடிமானம் குறைவு. பிரதேச செயலகத்துக்கு அருகில் சிறு கடை போட்டு, விண்ணப்பங்களும் கடிதங்களும் தட்டச்சுச் செய்து கொடுக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இரண்டு பிள்ளைகள், வேறு வருமானம் இல்லை.

எழுத்துகளை அவர் விரைவாகப் பிடித்துக்கொண்டார். மௌஸைத் தொட்டால்தான் பிரச்சினை. ஒரு சொல்லைத் தெரிவு செய்யப் போனால் அம்புக்குறி துள்ளி வேறு வரிக்குப் போய்விடும். அழிக்கக் கூடாதது அழிந்துவிடும். இரண்டாவது வாரம் என்னிடம் வந்து, "மிஸ், என்ர கைக்கு இது சரிவராது. நான் நாளையில இருந்து வரேல்லை" என்றார்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். "பரவாயில்லை அக்கா, வேறு ஏதாவது பயிற்சி பார்ப்போம்" என்றேன். நான் படித்தது சமூகவியல். காயப்பட்ட ஒருவரைப் பார்த்தவுடன் எல்லாவற்றையும் காயத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். அன்றைக்கு அதைத்தான் நானும் செய்தேன்.

அடுத்த நாள் பக்கத்துக் கணினிக்கு மின்சாரம் வராததால் ஒரு தங்கச்சி அந்த அக்காவின் இடத்தில் போய் இருந்தாள். ஐந்து நிமிடத்தில், "மிஸ், இந்த மௌஸ் பேய் பிடிச்ச மாதிரி ஓடுது" என்று கத்தினாள். அவளுடைய கையில் ஒரு கீறல்கூட இல்லை.

பிறகுதான் எல்லாரும் சேர்ந்து மௌஸைத் திருப்பிப் பார்த்தோம். அடியில் சிவப்பு வெளிச்சம் வரும் சிறு துவாரம் ஒன்று இருக்கிறதல்லவா? அதற்குள் ஒரு தலைமயிர் சுருண்டு கிடந்தது. அவ்வளவுதான்.

அந்தத் துவாரத்துக்குள் இருப்பது ஒரு மிகச் சிறிய கமரா. சிவப்பு வெளிச்சத்தில் மேசையின் மேற்பரப்பை அது விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் படம் எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் மேசையின் நுண்ணிய புள்ளிகள் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கின்றன என்று ஒப்பிட்டுத்தான் கை எந்தப் பக்கம் போகிறது என்று அறிகிறது. அதன் முன்னால் ஒரு மயிரோ பஞ்சுத் தூசியோ ஆடிக்கொண்டிருந்தால், மேசைதான் ஆடுகிறது என்று அது நினைத்துக்கொள்ளும். கையை எடுத்த பிறகும் அம்புக்குறி நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தத் துவாரம்தான். (இப்போது வரும் சில மௌஸ்களில் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அது பழுது என்று எண்ண வேண்டாம்.)

சுத்தம் செய்ய வேண்டியது இப்படி. முதலில் வயரைக் கழற்றிவிடுங்கள். வயர் இல்லாதது என்றால் பற்றரியை எடுத்துவிடுங்கள். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் துவாரத்தை மெதுவாகத் துடையுங்கள். மயிர் உள்ளே சிக்கியிருந்தால் சிறு இடுக்கியால் எடுக்கலாம். வாயால் ஊத வேண்டாம், எச்சில் பட்டால் தூசி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அழுக்கு இறுகியிருந்தால் பார்மசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் சற்றே தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். தின்னர், பெற்றோல் பக்கம் போகவே கூடாது, பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். அடியில் ஒட்டியிருக்கும் வழுக்கும் பட்டைகளின் ஓரத்தில் கறுப்பாக அழுக்குச் சேர்ந்திருக்கும். அதையும் நகத்தால் சுரண்டி எடுத்தால் மௌஸ் இலகுவாக நகரும்.

எங்கள் அக்காவின் மௌஸில் மயிரை எடுத்த பிறகும் துள்ளல் முழுதாக நிற்கவில்லை. நல்ல மௌஸ் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினோம், அதுவும் துள்ளியது. அப்படியென்றால் பிழை மௌஸில் மட்டும் இல்லை. அவருக்குக் கொடுத்திருந்தது கண்ணாடி போட்ட மேசை. அந்தக் கமராவுக்குக் கண்ணாடியில் பார்ப்பதற்குப் புள்ளிகளே இல்லை. பளபளக்கும் விரிப்பும் அப்படித்தான். ஒரே மாதிரிப் பூக்கள் திரும்பத் திரும்ப வரும் பிளாஸ்டிக் விரிப்பும் சில மௌஸ்களைக் குழப்பும். பழைய கலண்டர் மட்டை ஒன்றைப் பின்பக்கம் மேலே வரும்படி வைத்தோம். அம்புக்குறி கோடு கீறியதுபோல் போனது. மௌஸுக்கென்று கடையில் விற்கும் விரிப்பு நல்லதுதான். ஆனால் பளபளப்பில்லாத மட்டை இருந்தால் அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

பழைய கணினிகளுடன் குண்டு மௌஸ் வைத்திருப்பவர்கள் இப்போது அருமை. ஆனாலும் பொது நிலையங்களின் அலுமாரிகளில் அவை இன்னும் கிடக்கின்றன. எங்கள் பாடசாலைக் கணினி அறையில் பெடியன்கள் குண்டைக் கழற்றி மாபிள் விளையாடுகிறார்கள் என்று ஆசிரியர் அடியில் பசைநாடா ஒட்டி வைத்திருந்தது நினைவுக்கு வருகிறது. அதில் கமரா இல்லை. இறப்பர் பூசிய குண்டு உருள, அது உள்ளே இருக்கும் இரண்டு சிறு உருளைகளைச் சுற்றும். ஒன்று மேல் கீழ் அசைவுக்கு, மற்றது இடம் வலத்துக்கு. 1968 டிசெம்பர் 9 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் முதன்முதலாக மக்கள் முன்னிலையில் காட்டிய மௌஸிலும் இதே யோசனைதான், குண்டுக்குப் பதிலாக இரண்டு சக்கரங்கள் நேரே மேசையில் உருண்டன. குண்டு மௌஸில் அம்புக்குறி இடம் வலமாகப் போய், மேலே கீழே மட்டும் இழுபட்டால் ஓர் உருளையில் மட்டும் அழுக்கு என்று அர்த்தம். அடியில் உள்ள வளையத்தை அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பினால் குண்டு கையில் விழும். உருளைகளின் நடுவில் கறுப்பு வளையமாக இறுகியிருக்கும் அழுக்கை ஈர்க்குத் துண்டால் சுரண்டி, துகள்களைக் கவிழ்த்துக் கொட்டிவிடுங்கள். குண்டைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் காய வைத்துப் போடலாம். தையல் மெசின் பழக்கத்தில் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள்! எண்ணெய் பட்டால் குண்டு உருளாமல் வழுக்கும். இன்னொன்று, இந்த மௌஸ்கள் பலவற்றுக்கு வட்டமான செருகி இருக்கும். அதைக் கணினியை நிறுத்திய பிறகே கழற்றி மாட்ட வேண்டும்.

அந்த அக்காவின் கதையை முழுதாகச் சொல்லவில்லை. மௌஸ் சரியான பின்பும் வலது கை சீக்கிரம் களைத்துத்தான் போனது. அது உண்மையான காயம், தூசி தட்டினால் போகாது. ஆனால் அதற்கும் வழி இருந்தது. கொன்ட்ரோல் பனலில் மௌஸ் என்ற இடத்துக்குப் போய் வலது இடது பொத்தான்களை மாற்றி, அம்புக்குறியின் வேகத்தையும் குறைத்தோம். மௌஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். மௌஸே வேண்டாம் என்றால் இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், நம் லொக் மூன்றையும் ஒன்றாக அழுத்தலாம். அதன்பின் வலப்பக்க இலக்க விசைகளால் அம்புக்குறி நகரும். 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம், 5 சொடுக்குவதற்கு. அவர் பயிற்சியை முடித்தார். கடையும் போட்டார், செயலகத்துக்கு முன்னால் இல்லை, சந்தையடியில். வாடகை அங்கே குறைவு.

இனி கேள்வி கேட்ட சகோதரிக்கு. துவாரத்தையும் மேசையையும் பார்த்த பிறகும் சரிவராவிட்டால், வயரை மௌஸின் கழுத்தடியில் மெதுவாக வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது வெளிச்சம் அணைந்து எரிந்தால் உள்ளே வயர் அறுந்திருக்கிறது. (எலி வயரைக் கடித்த வீடும் எனக்குத் தெரியும். மௌஸின் வாலையே எலி கடித்தது என்று அந்த வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.) வயர் இல்லாத மௌஸ் என்றால் புதுப் பற்றரி போட்டுப் பாருங்கள், கணினியில் செருகும் சிறு துண்டைப் பின்பக்கத்திலிருந்து எடுத்து முன்பக்கத்தில் செருகுங்கள். ஒரு தடவை அழுத்த இரண்டு தடவை அழுத்தியதாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் பொத்தானுக்குள் இருக்கும் ஆளி தேய்ந்திருக்கும். அது சுத்தம் செய்வதால் திருந்தாது, புதிது வாங்குவதே லாபம்.

வாங்கப் போகும்போது பழைய மௌஸையும் கையில் கொண்டு போங்கள். கடையில் ஒரு கணினியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் காசைக் கொடுக்காமல் திரும்பி வந்து, வீட்டு மேசையை இன்னொரு தடவை பாருங்கள்.